பிராசசர், மதர்போர்டு, ரேம்: மூன்றையும் ஒரே முடிவாக எடுங்கள்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். திருமண ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். போட்டோஷாப்பும் லைட்ரூமும் நாள் முழுக்க ஓட வேண்டும். இதுவரை ஒரு பழைய லேப்டாப்பில் சமாளித்து வந்தேன். இப்போது ஒரு டெஸ்க்டாப்பைப் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்க்க விரும்புகிறேன். என் அக்கா மகன் ஒரு பட்டியல் போட்டுத் தந்திருக்கிறான்: ரைசன் 5 5600 பிராசசர், கடையில் பழைய ஸ்டாக்காக இருக்கும் பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி, 158 மி.மீ. உயரமுள்ள டவர் கூலர், கேபினெட்டோடு சேர்ந்தே வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). இவற்றில் ரேமை மட்டும் தள்ளுபடியில் வாங்கிவிட்டோம்; கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா? மதர்போர்டை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? வீட்டில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருக்கிறது, அது போதுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

இந்தப் பட்டியலை இப்படியே வாங்க வேண்டாம். நீங்கள் வாங்கிவிட்ட டிடிஆர்5 ரேம் பி450 மதர்போர்டில் பொருந்தாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் அடி விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகள் 288தான்; நீளத்தைப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அந்த விளிம்பின் நடுப்பகுதியில் இருக்கும் சிறு வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. மதர்போர்டின் ஸ்லாட்டுக்குள் அந்த வெட்டுக்கு நேராக ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள். வெட்டும் தடுப்பும் நேர்படாவிட்டால் ரேம் உள்ளே இறங்காது, அழுத்தி இறக்க முயன்றால் ஸ்லாட்தான் உடையும். மின் அமைப்பும் வேறு. டிடிஆர்4 இயங்குவது 1.2 வோல்ட்டில், டிடிஆர்5 இயங்குவது 1.1 வோல்ட்டில், டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சில்லு ரேமின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. புதிய தலைமுறைப் பாகம் பழைய போர்டில் சற்று மெதுவாகவாவது ஓடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. யுஎஸ்பி பென் டிரைவைப் பொறுத்தவரை அது சரி, எஸ்எஸ்டியைப் பொறுத்தவரையும் பெரும்பாலும் சரி. ரேமுக்கு அது பொருந்தாது.

உங்கள் அக்கா மகனைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே நல்ல மதிப்புரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. முதன்முறையாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பிராசசர், மதர்போர்டு, ரேம் ஆகிய மூன்றையும் மூன்று தனி முடிவுகளாக எடுக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து ஒரே முடிவு. அந்த முடிவுக்கான நிபந்தனைகள் அனைத்தும் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருக்கும் பக்கமும், அங்கேயே பதிவிறக்கக் கிடைக்கும் கையேடும்தான். எந்தப் பிராசசரை எந்த பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பிலிருந்து ஏற்கும், எந்த ரேமைச் சோதித்திருக்கிறார்கள், எஸ்எஸ்டி செருகும் எந்த எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால், ஹார்ட் டிஸ்க் இணைக்கும் எந்த சாட்டா போர்ட் அணைந்துவிடும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பு அரை மணி நேரம் ஒதுக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டால், இந்தக் கடிதத்தில் நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டைப் பற்றி உங்களுக்குத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்கள் 2017இல் ஏஎம்4 சாக்கெட்டில் அறிமுகமாகி, 5000 வரிசை வரை அதே சாக்கெட்டில் வந்தன. உங்கள் பட்டியலில் உள்ள 5600உம் பி450உம் இந்த வகைதான். அந்த சாக்கெட் உள்ள போர்டுகள் அனைத்துக்கும் டிடிஆர்4 மட்டுமே. 2022 செப்டம்பரில் 7000 வரிசையோடு ஏஎம்5 சாக்கெட் வந்தது. அதற்கு டிடிஆர்5 மட்டுமே. இன்டெல் பக்கம் 12, 13, 14ஆம் தலைமுறை கோர் பிராசசர்கள் எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டைப் பயன்படுத்துகின்றன. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்தப் பிராசசர்கள் இரு வகை ரேமையும் ஏற்கும். ஆனால் ஒரு போர்டு பெரும்பாலும் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். ஒரே பெயரில் இரண்டு போர்டுகள் விற்கப்பட்டு, ஒன்றின் பெயருக்குப் பின்னால் மட்டும் டி4 அல்லது டிடிஆர்4 என்று சேர்த்திருப்பதைக் கடைகளில் காணலாம். 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்ற புதிய சாக்கெட், அதற்கும் டிடிஆர்5தான்.

ஆக, கையில் இருக்கும் ரேமைத் திருப்பித் தர முடியாது என்பதால் உங்கள் விஷயத்தில் முடிவு ரேமிலிருந்து பின்னோக்கி வருகிறது. 32 ஜிபி என்பது உங்கள் வேலைக்குச் சரியான அளவு. நாற்பது ஐம்பது பக்க ஆல்பத்தை லேயர்களோடு திறந்து வைத்துக்கொண்டு பின்னால் லைட்ரூமையும் ஓட்டுபவருக்கு 16 ஜிபி நெருக்கடியாகவே இருக்கும். அந்த ரேமை வைத்துக்கொண்டு பிராசசரையும் போர்டையும் மாற்றுங்கள். ஏஎம்5 சாக்கெட்டுக்கான ரைசன் 5 7600 பிராசசரும், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவிலான ஒரு பி650 மதர்போர்டும் வாங்குவதே என் பரிந்துரை. ஏ620 சிப்செட் உள்ள போர்டுகள் இன்னும் மலிவு. 65 வாட் பிராசசரான 7600ஐ அவையும் தாங்கும். ஆனால் அவற்றில் பலவற்றில் எம்.2 ஸ்லாட் குறைவாகவும், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி எளிமையாகவும் இருக்கும். பிற்காலத்தில் பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவர் பி650க்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்வது நல்லது. ஏஎம்5 சாக்கெட்டை 2027க்குப் பின்னும் தொடரப்போவதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால் அந்த வாய்ப்பு உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது; ஏஎம்4 வாங்கினால் அது ஏறக்குறைய முடிந்துபோன பாதை.

நீங்கள் வாங்கியது டெஸ்க்டாப் ரேம்தானா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கான எஸ்ஓ-டிம் அளவில் ஏறக்குறைய பாதி நீளமே இருக்கும். தள்ளுபடி விற்பனைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இந்த மாற்றத்தில் உங்களுக்கு இன்னொரு ஆதாயம் இருக்கிறது, பட்ஜெட்டைப் பொறுத்தவரை அதுவே பெரியது. ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அந்தக் கணினியில் திரையில் ஒரு எழுத்துக்கூட வராது. மதர்போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அது வெறும் துளைதான். 7600இலோ சிறிய கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே இருக்கிறது. விளையாட்டுகளுக்கு அது போதாது. ஆல்பம் வடிவமைக்கவும் படங்களைத் திருத்தவும் அது போதும். எனவே கிராபிக்ஸ் கார்டை முதல் நாளே வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. லைட்ரூமில் 2023இல் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு வழி இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) நீக்கும் வசதியை நிறையப் பயன்படுத்துவீர்கள் என்றால் மட்டும் கார்டு தேவைப்படும், ஏனென்றால் அந்த வேலை முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் மீது விழுவது. கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் பிடிக்கலாம். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை நீங்களே சுத்தம் செய்கிறீர்களா, அல்லது ஸ்டுடியோக்காரர் திருத்தி அனுப்பும் ஜேபெக் படங்களை அடுக்குவது மட்டும்தான் உங்கள் வேலையா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது வகையென்றால், கார்டுக்கு ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை நிறம் சரியாகத் தெரியும் ஒரு ஐபிஎஸ் மானிட்டருக்குத் திருப்புவதையே நான் விரும்புவேன். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு திரையில் ஒன்றாகவும் அச்சில் வேறொன்றாகவும் வந்தால், எவ்வளவு வேகமான கணினியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிராசசர் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 7500எஃப் என்பதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை. இன்டெல்லில் 12400எஃப் போன்றவையும் அப்படியே. விலையில் சிறிது குறைவாக இருப்பதால் கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் அதைப் பரிந்துரைப்பார், ஆனால் உங்கள் திட்டத்துக்கு அது ஒத்துவராது. பெட்டியோடு வரும் பிராசசரையே கேட்டு வாங்குங்கள். 7600இன் பெட்டிக்குள் கூலரும் இருக்கும்; 7600எக்ஸ் வாங்கினால் இருக்காது. டிரே என்று சொல்லிப் பெட்டியில்லாமல் விற்பதில் கூலரும் இராது, வாரன்டியும் பெட்டிப் பொருளுக்கு உள்ளதுபோல் இராது.

பி450 போர்டை நீங்கள் இப்போது வாங்கப்போவதில்லை என்றாலும், அதில் மறைந்திருந்த இரண்டாவது சிக்கலைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே சிக்கல் புதிய போர்டிலும் வேறு உருவில் வரலாம். பி450 போர்டுகள் 2018இல் வந்தவை; ரைசன் 5 5600 வந்தது 2022இல். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும், நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் பிராசசரை அடையாளம் காணும் பயாஸ் பழைய ஸ்டாக் போர்டில் இருந்திருக்காது. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி இயங்க வேண்டும்; கணினி இயங்கப் புதுப்பித்த பயாஸ் வேண்டும். முதன்முறையாகச் சேர்ப்பவர் இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டால் பிராசசரே பழுது என்று நினைத்துக் கடைக்கும் வீட்டுக்கும் அலைவார். 2024இல் வந்த 9600எக்ஸ் போன்ற 9000 வரிசைப் பிராசசரை, கடையில் நெடுநாள் இருந்த பி650 போர்டில் வைத்தாலும் இதே கதைதான். 7600 எடுத்தால் இப்போது கடைகளில் உள்ள பி650 போர்டுகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. எப்படியிருந்தாலும், பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி உள்ள போர்டாகத் தேர்ந்தெடுங்கள். பின்புறத்தில் அதற்கென்று ஒரு யுஎஸ்பி துளையும் ஒரு பொத்தானும் இருக்கும். பிராசசர், ரேம் எதுவும் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் இணைப்பை மட்டும் கொடுத்து, பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்துவிடலாம்.

ரேமைப் பொருத்துவதில் ஒரு சிறு விதி உண்டு. நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டில் இரண்டு ரேமையும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் வைக்கக் கூடாது. பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் வைக்க வேண்டும். கையேட்டில் அவற்றை ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். அப்போதுதான் இரட்டைச் சேனலில் இயங்கும். பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இன்டெல்லுக்கென்று விற்கப்பட்ட ரேமாக இருந்தால் அதில் எக்ஸ்எம்பி என்ற விவரம் பதிந்திருக்கும், பெரும்பாலான ஏஎம்5 போர்டுகள் அதையும் படித்துக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் பெட்டியில் 6000 என்று அச்சிட்ட ரேமும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். கணினி பழுதில்லாமல் இயங்குவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பிற்காலத்தில் 64 ஜிபி வேண்டுமென்றால், இருக்கும் இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்ப்பதைவிட, இவற்றை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு வாங்குவது மேல். 7000 வரிசைப் பிராசசர்களுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200. நான்கு ரேம் வைத்தால் 3600 மட்டுமே.

எஸ்எஸ்டியில் பெரிய குழப்பம் இல்லை. என்விஎம்இ வகையாக, 2280 அளவில், அதாவது 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமுமாக வாங்குங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் விற்கிறது. வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், எல்லா எம்.2 ஸ்லாட்டும் அதை ஏற்பதில்லை. திருமணப் படங்களைச் சேமிக்க 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றும் நீங்கள் வைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கும் கேபினெட்டில் அதற்கான இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடி பதித்த சிறிய கேபினெட்டுகள் சிலவற்றில் அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். உங்கள் பட்டியலில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். ரேம் பொருந்தாவிட்டால் கணினி இயங்காது, அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் சரியில்லாவிட்டால் இயங்கிக்கொண்டிருக்கும் மற்றப் பாகங்களையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். கேபினெட்டோடு இலவசம்போல் வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே ஒரு சிறு அட்டவணையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்று அச்சிட்டிருப்பார்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட் வழிதான். அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்குங்கள்: 216 வாட். மேலே என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 216தான். 12 வோல்ட் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டாம்; இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று தனியாகக் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், 540 வாட். அட்டவணையே ஒட்டாத எஸ்எம்பிஎஸ்ஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

உங்கள் கணினியின் தேவையைக் கணக்கிடுவோம். 7600 பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். 65 வாட் என்று பெட்டியில் உள்ளது அடிப்படைக் கணக்கு. மதர்போர்டு, ரேம், டிஸ்க்குகள், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினால் அதற்கு 170 வாட். மொத்தம் 300ஐச் சற்றுத் தாண்டுகிறது. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுகள் கண நேரத்துக்கு இழுக்கும் உச்ச மின்சாரத்தையும், எஸ்எம்பிஎஸ் நாளடைவில் தளர்வதையும் சேர்த்துப் பார்க்கும்போது அது நியாயமான பரிந்துரையே. ஆகவே கார்டு இப்போது இல்லாவிட்டாலும், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) தரத்தில், நம்பகமான நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புச் சுற்றுகள் எப்படி என்பதை அது சொல்லாது. அதனால்தான் நிறுவனத்தின் பெயரையும், வாரன்டி ஐந்து ஆண்டுக்காவது இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் கேட்டால் தருவார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள்களில் இரண்டு, பார்வைக்கு ஒன்றுபோல் எட்டுத் துளைகளோடு இருக்கும். ஒன்று நான்கு நான்காகப் பிரியும். அது மதர்போர்டின் மேல் மூலையில், பிராசசருக்காகச் செருக வேண்டியது. இன்னொன்று ஆறும் இரண்டுமாகப் பிரியும். அது கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட் வரும் பக்கமும் எர்த் வரும் பக்கமும் நேர் எதிர். துளைகளின் வடிவம் மாறி அமைந்திருப்பதால் தவறான கேபிள் எளிதில் நுழையாது; நுழையவில்லையென்றால் அழுத்தாதீர்கள், கேபிளைத் திருப்பி அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையை வாங்கினால், அதோடு வந்த கேபிள்களைத் தவிர வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை ஒருபோதும் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொதுவான தரநிலை கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே மாறியிருக்கலாம். கேபிள் சரியாக நுழையும், சுவிட்சைப் போட்ட நொடியில் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும். உங்களைப் போன்றவருக்கு அந்த டிஸ்க்கில் இருப்பது ஒரு குடும்பத்தின் திரும்ப எடுக்க முடியாத படங்கள்.

யுபிஎஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 600 விஏ என்று எழுதிய வீட்டு யுபிஎஸ் பொதுவாகத் தரக்கூடியது 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத நிலையில் உங்கள் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட்டைத் தாண்டாது. ஆகவே இப்போதைக்கு அது போதும், வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். கார்டு வந்தபின் 300 வாட் உள்ளே தேவைப்பட்டால், மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து 350க்கு மேல் இழுக்கும். மானிட்டரையும் கூட்டினால் 600 விஏ தாங்காது. அப்போது 1000 விஏ வாங்குங்கள். இன்னொன்று: மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது சீரான சைன் அலை அல்ல, புதிய எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் மின்தடை ஏற்பட்ட கணமே அணைந்துவிடும். வாங்கியதும் முக்கியமான கோப்பு எதையும் திறக்காமல் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள். அதோடு, கணினி வைக்கும் இடத்தில் உள்ள பிளக் பாயின்டுக்கு எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கணினியின் பழுதல்ல, எர்த் இல்லாத பிளக் பாயின்ட்.

டவர் கூலரை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பெட்டியோடு வரும் கூலர் 7600க்குப் போதுமானது. கோடையில் விசிறிச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாகத் தெரிந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கும்போது மூன்று அளவுகளைப் பாருங்கள்: கேபினெட்டின் விவரத்தில் கூலருக்கு அனுமதிக்கும் அதிகபட்ச உயரம், ரேமின் உயரம், கிராபிக்ஸ் கார்டுக்கான நீளம். கேபினெட் 155 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது என்றால் 158 மி.மீ. கூலரைப் பொருத்திய பின் பக்கக் கதவு மூடாது. ஏஎம்5இல் போர்டின் பின்னாலுள்ள தாங்கு தகடு சாக்கெட்டோடு இணைந்தது, கழற்ற முடியாது. எனவே தன் சொந்தத் தகட்டோடு வரும் பழைய ஏஎம்4 கூலர்கள் சில இதில் ஏறாது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மி.மீ. சதுரம், அதற்கான கேபினெட்டிலும் பெரிய ஏடிஎக்ஸ் கேபினெட்டிலும் அது உட்காரும், மறுதலை நடக்காது.

செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஏஎம்4 வரையில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருந்தன. ஏஎம்5இல் 1718 மெல்லிய ஊசிகளும் போர்டின் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு வளைந்திருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட்டோ ஒரு எம்.2 ஸ்லாட்டோ மட்டும் வேலை செய்யாமல் போகலாம். கடையில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது கடினம். புதிய போர்டு வாங்கும்போதும் கடையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசிகள் எல்லாம் ஒரே திசையில் ஒரே சீராக மின்ன வேண்டும். ஏதேனும் ஓரிடத்தில் ஒளி உடைந்து தெரிந்தால் வேறு போர்டு கேளுங்கள். அந்த மூடியைத் தூக்கி எறியாதீர்கள், வாரன்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள். மற்றப் பாகங்களில் கேபினெட்டையும் மானிட்டரையும் பழையதாக வாங்குவதில் தவறில்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் டிஸ்க்கும் புதியதாகவே இருக்கட்டும்.

சேர்க்கும்போது எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் முடுக்கிவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசசர், கூலர், இரண்டு ரேம் ஆகியவற்றை மட்டும் பொருத்தி, 24 துளைக் கேபிளையும் பிராசசருக்கான எட்டுத் துளைக் கேபிளையும் செருகி, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். பவர் பொத்தான் இன்னும் இணைக்கப்பட்டிருக்காது. கையேட்டில் குறித்திருக்கும் பவர் சுவிட்ச் முனைகள் இரண்டையும் ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். இப்போது திரை பல நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 ரேமைப் போர்டு முதன்முறையாகப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் பத்து நிமிடமாவது காத்திருங்கள், நடுவில் அணைக்காதீர்கள். பயாஸ் திரை வந்து 32 ஜிபியும் தெரிந்துவிட்டால் பொருத்தப் பிரச்சினைகளில் பெரும்பகுதி தீர்ந்தது. அதன்பின் கேபினெட்டுக்குள் வையுங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் போர்டில் துளை உள்ள இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும். பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு பொருத்தினால் மானிட்டர் கேபிளைக் கார்டுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

சென்னைக்கு வந்து ரிச்சி தெருவில் வாங்கினாலும், மதுரையில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், முடிந்தவரை பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்கி உடனே சோதித்துவிடுங்கள். ஒவ்வொன்றாக மாதக்கணக்கில் சேர்த்தால், பழுதான பாகத்தை மாற்றித் தரும் காலம் நீங்கள் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே முடிந்துபோகும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பெட்டியில் உள்ள எண்ணோடு அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு வாரன்டி உள்ள போர்டு இரண்டாம் ஆண்டில் பழுதானால் சேவை மையத்தில் முதலில் கேட்பது அந்த எண் உள்ள பில்லைத்தான்.